மாட்ஜ் ஸையர்ஸ் அம்மையார்

பனிக்கட்டி என்றவுடன் நமக்கு நினைவிற்கு வருவது கோடைக்காலத்துச் சர்பத்துக் குவளையே. குளமும் ஓடையும் ஒருங்கே இறுகிக் கற்றளம்போற் கிடப்பதையும், அதன்மேல் ஆடவரும் பெண்டிரும் ஓடிக் களிப்பதையும் நாம் கண்ணாரக் கண்டதில்லை. ஆகவே, அத்தகைய தளத்தின்மீது காலாற் கோலமிட்டே உலகப் புகழ் எய்திய ஓர் ஆங்கில மாதரசியின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, நண்பரொருவர் நம்மை நோக்கி, நீந்தவும் அறியாதவன் முத்துக் குளிக்கும் வகையை விளக்கப் புகுந்தது போலும் என்று நகைத்தார். அந்நகைப்பு நியாயமானதே. எனினும் இவ்வம்மையாரின் வரலாறு அவ்விளையாட்டு அறிந்தோர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மாளிகையின் வாயில் பூட்டப்படாமற் கிடந்தது. பெண்ணொருத்தி அவ்வழியே நுழைவாள் என்று ஒருவரும் கனவிலும் கருதாமையாற் பூட்டுவாரில்லை. ஒருத்தி நுழைந்தாள். உடனே பூட்டுத் தேடி ஓடினார்கள். அதன் பின் நிகழ்ந்தவற்றைக் கூறுவதே நம் நோக்கம்.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது கூறுவோம். ஸ்கேட்டிங் என்பது காலணியின் அடியில் எஃகுத் தகடொன்றைப் பொருத்திக்கொண்டு பனித்தளத்தின்மீது வழுக்கிச் செல்லுதலாம். அத்தகட்டின் அடிப்புறம் நடுவே சற்றுக் குழிந்து இருமருங்கும் இரண்டு விளிம்புகளை உடையது. உடலை ஒருபுறம் சாய்த்தால் ஒரு விளிம்பும், மறுபுறம் சாய்த்தால் மற்றை விளிம்பும் தளத்தைக் கவ்வும். சாய்ந்த பக்கமே பாதையும் வளையும். நேரே ஓடுதல் இக்கலையன்று. வளைந்து செல்லுதலே இதன் உயிர். முன்னோக்கியும் பின்னோக்கியும், அகவிளிம்பாலும் புறவிளிம்பாலும் செல்லுதலால் ஒவ்வொரு காலுக்கும் நான்கு வகை இயக்கம் உண்டாகின்றது. இந்நான்கையும் மாற்றி மாற்றிக் கோத்தே எல்லா உருவங்களையும் வரைவர்.

அக்காலத்துப் போட்டிகள் இரண்டு பகுதியாக நடைபெற்றன. முதற் பகுதியில் விதித்த உருவங்களை வரைதல் வேண்டும். இரு வட்டங்களை ஒட்டி வரைந்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் தோன்றும். வட்டத்தின் உச்சியில் உடலைத் திருப்பினால் 3 என்னும் எண்ணின் வடிவம் தோன்றும். இவையன்றிச் சுழிகளும் கண்ணிகளும் பலவுண்டு. ஒரு முறை வரைந்தாற் போதாது. அதே தடத்தின்மேல் மீண்டும் மீண்டும் சென்று, முன் விழுந்த கீற்றின்மேலேயே பின்னைக் கீற்றும் விழுமாறு செய்தல் வேண்டும். முடிந்ததும் நடுவர்கள் தளத்திலிறங்கிக் குனிந்து நின்று கீற்றுகளை ஆராய்வார்கள். வைகறையில் வாயிலில் நின்று இழை பிசகாமற் கோலமிடும் நம் அன்னையர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் விரலால் இழைப்பதை இவர்கள் ஓட்டத்தினிடையே ஒற்றைக் காலால் இழைத்தனர் என்பதே வேறுபாடு. இரண்டாம் பகுதியில், குறித்த நேரத்துள் தாம் விரும்பியவாறு சறுக்கிக் காட்டலாம். அந்நாளில் மதிப்பெண்ணிற் பெரும்பங்கு முதற் பகுதிக்கே உரியதாயிருந்தது. இவ்வுருவ வரைவு 1990-ஆம் ஆண்டுடன் உலகப் போட்டிகளினின்றும் நீங்கிவிட்டது; இன்று எஞ்சியிருப்பன துள்ளலும் சுழலலுமே. விளையாட்டின் பெயரில் மட்டும் உருவம் என்னும் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இங்கிலாந்திலோ இக்கலைக்குத் தனியானதொரு மரபு இருந்தது. உடலை நிமிர்த்திக் கம்பம்போல் வைத்தல், ஊன்றிய காலின் முழங்கால் மடங்காதிருத்தல், கைகள் இரண்டும் பக்கத்தே அடங்கித் தொங்குதல், ஊன்றாத கால் ஊன்றிய காலை விட்டு விலகாதிருத்தல் ஆகியவை அம்மரபின் விதிகள். பனித்தளத்தின் நடுவே ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அதனையே மையமாகக் கொண்டு சிலர் ஒருங்குகூடிப் பெரிய பெரிய வளைவுகளாக வந்து செல்வர். அதிற் கண்ணியம் உண்டு. களிப்பு உண்டோவென்பது ஐயமே. மாறாக, ஐரோப்பாக் கண்டத்திலே, ஜாக்ஸன் ஹைன்ஸ் என்னும் அமெரிக்கர் வியன்னா நகரிற் காட்டிய நடனமுறையைப் பின்பற்றி, முழங்காலை மடக்கியும் கைகளை வீசியும் உடல் முழுவதையும் ஆடவிடும் பாங்கு பரவியிருந்தது. அதனைச் சர்வதேச முறை என்று வழங்கினர். ஆங்கிலேயர் பலர் அதனைக் கூத்தாட்டு என்று எள்ளினர். தம் மரபு தமக்கு உயர்வாய்த் தோன்றுவது எல்லா நாட்டார்க்கும் இயல்பன்றோ!

இத்தகைய காலத்திலே, 1881-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், லண்டன் மாநகரின் கென்ஸிங்டன் பகுதியில் நம் கதாநாயகி பிறந்தார். இயற்பெயர் புளோரன்ஸ் மாடலின் கேவ். மாட்ஜ் என்பது வீட்டில் வழங்கிய செல்லப்பெயர். உலகம் அறிந்ததும் அப்பெயரே. தந்தையார் எட்வர்ட் ஜார்விஸ் கேவ் கட்டடம் கட்டுவிக்கும் தொழிலினர், மக்கள் பதினைவர். அப்பதினைவருள் ஒருவராய் வளர்ந்த மாட்ஜ், நீந்துதலிலும் குதிரையேற்றத்திலும் வல்லவரானார். பனித்தளமும் இளமையிலேயே அவரைக் கவர்ந்தது. செயற்கையாகப் பனியை உறையவைக்கும் மண்டபங்கள் லண்டனில் அந்நாளில் தோன்றலாயின. ஆதலால் குளங்கள் உறையும் சில நாட்களை எதிர்நோக்கி அவர் காத்திருக்க வேண்டுவதில்லை.

1899-ஆம் ஆண்டில் அவர் எட்கர் ஸையர்ஸ் என்பாரைச் சந்தித்தார். எட்கர் தாமும் சிறந்த சறுக்காளர், பிறர்க்குக் கற்பிப்பவர், அவ்வாண்டிலே டாவோஸ் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றவர். வயதில் மாட்ஜைவிடப் பதினெட்டு ஆண்டு மூத்தவர். ஆங்கில மரபின் விறைப்பை விட்டொழித்துச் சர்வதேச முறையைக் கைக்கொள்ளுமாறு மாட்ஜைத் தூண்டியவர் இவரே. ஓராண்டு கழியுமுன் 1900-இல் இருவர்க்கும் திருமணம் நடந்தேறியது. அவ்வாண்டிலேயே இருவரும் இணைந்து பெர்லின் நகரில் நிகழ்ந்த இணைச் சறுக்கற் போட்டியிற் கலந்து இரண்டாம் இடம் பெற்றனர். கணவர் மனைவிக்கு ஆசிரியராய் அமைந்தது பல வீடுகளில் நன்மையாய் முடிவதில்லை. இவ்வீட்டில் அது மிக நன்றாகவே முடிந்தது. ஆசிரியர்க்கு மாணாக்கியார் அளித்த காணிக்கை இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவோம்.

1892-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1896 முதல் உலகப் போட்டியை நடத்தி வந்தது. 1902-ஆம் ஆண்டுப் போட்டி லண்டனில் நடப்பதாக ஏற்பட்டது. மாட்ஜ் அம்மையார் தம் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அலுவலாளர்கள் திகைத்துச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினர். பெண்கள் கலந்துகொள்ளலாம் என்று அதில் இல்லை. கலந்துகொள்ளலாகாது என்றும் இல்லை. பெண் என்னும் சொல்லே அதில் இல்லை. அதனை இயற்றியோர் அவ்வாறு ஒருத்தி வருவாளென்று எண்ணியிருந்தாலன்றோ தடுத்திருப்பர்! தடை இன்மையால் அனுமதி அளிக்கப்பட்டது.

போட்டியாளர் நால்வர். ஸ்வீடன் நாட்டு உல்ரிக் ஸால்கோவ், ஜெர்மனியின் மார்ட்டின் கோர்டன், ஹொரேஷியோ டொரோமே, இவர்களுடன் இருபது வயது நிரம்பிய நம் அம்மையார். ஸால்கோவ் இன்னாரென்பதைச் சொன்னால் போட்டியின் தரம் விளங்கும். 1901 முதல் 1905 வரையிலும், பின்னர் 1907 முதல் 1911 வரையிலும், ஆகப் பத்து முறை உலக வெற்றி பெற்றவர் அவர். அவர் கண்ட துள்ளலொன்று இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அத்தகையவர் முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. வியப்பு யாதெனின், இரண்டாம் இடம் மாட்ஜ் அம்மையாருக்குக் கிடைத்ததே. கோர்டனும் டொரோமேயும் அவர்க்குப் பின் நின்றனர். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையுடன், உலகத்து ஆடவர் மூவர் நடுவே நின்று, இருவரைப் பின்னிறுத்தினார் அவர்.

இதனையொட்டி ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. முதலிடம் தமக்குரியதன்று என்று கருதி ஸால்கோவ் தம் பொற்பதக்கத்தை அம்மையாரிடமே நீட்டினார் என்பது அது. இதனை நூல்கள் பல எடுத்தோதுகின்றன. நாம் இதனைப் பெரிதாகப் பாராட்ட விரும்பவில்லை. கதை அழகியதே. ஆயினும் ஓர் ஆடவர் பெருந்தன்மையால் அளித்தது என்னும் நினைவு, அவர் தம் காலால் ஈட்டியதை மறைத்துவிடுகின்றது. நடுவர் அளித்த இரண்டாம் இடத்தில் ஐயம் ஒன்றும் இல்லை, அதுவே போதுமானது.

நிற்க. இவ்வெற்றியின் விளைவு யாது? 1903-ஆம் ஆண்டுச் சங்கப் பேரவையிலே, இனி உலகப் போட்டியிற் பெண்டிர் கலந்துகொள்ளலாகாது என்று விதி செய்தனர். அவர்கள் காட்டிய காரணங்கள் மூன்று. நீண்ட உடையானது காலை மறைத்தலால் நடுவர் காலின் இயக்கத்தைக் காண இயலாது என்பது ஒன்று. நடுவர் ஒருவர் தாம் அன்பு பூண்ட பெண்ணுக்கே மதிப்பெண் வழங்க நேரலாம் என்பது இரண்டு. ஆடவரையும் பெண்டிரையும் ஒருங்கு வைத்து ஒப்பிடுதல் அரிது என்பது மூன்று.

இவற்றைச் சற்றே ஆராய்வோம். மூன்றாவது காரணம் ஓராண்டிற்கு முன்னரே பொய்யாக்கப்பட்டது. லண்டனில் நடுவர்கள் ஒப்பிட்டே இடம் வகுத்தனர். இரண்டாவது காரணமோ நகைப்பை விளைப்பது. நடுவன் மனம் ஒருபாற் கோடுமாயின் நடுவனை நீக்குதலே முறை. நடுவுநிலைமை என்பது தீர்ப்பளிப்பவனுக்கு விதித்த அறமேயன்றித் தீர்ப்புக்கு உட்படுபவர்க்கு விதித்த தண்டனையன்று. அன்றியும், நடுவர்க்கு மைந்தரும் மருகரும் நண்பரும் இல்லையோ? அவர்கள்பால் எழும் அன்பு மட்டும் மதிப்பெண்ணைத் தீண்டாதோ? முதற் காரணம் ஒன்றே சிறிது பொருளுடையது. ஆனால் அதற்கு மருந்து தையற்காரரிடமே கிடைக்கும். பேரவை கூட வேண்டுவதில்லை.

அம்மையார் அம்மருந்தையே நாடினார். கணுக்காலை மூடிய பாவாடையைக் கெண்டைக்காலின் நடுவளவிற்குக் குறைத்துக்கொண்டு தளத்திலிறங்கினார். காலணியும் அதன் தகடும் யாவர் கண்ணிற்கும் நன்கு புலப்பட்டன. இன்று இதனைப் படிப்போர்க்கு நாலு விரற்கடைத் துணி ஒரு செய்தியோ என்று தோன்றலாம். அன்றைய லண்டனில் மேற்குடி மாதர் பொதுவிடத்திற் காலின் எவ்வளவு புலப்பட நிற்கலாம் என்பது பெரியதோர் ஒழுக்கக் கேள்வியாயிருந்தது. அவர் வாதாடியதாகக் காணோம், கத்தரித்தார். பிறரும் அவ்வழியே பின்பற்றலாயினர்.

உலகச் சங்கம் கதவைச் சாத்திய அவ்வாண்டிலேயே, 1903-இல், பிரிட்டிஷ் வெற்றிக் கிண்ணத்திற்கான போட்டி முதன்முறையாக நடைபெற்றது. அப்போட்டியில் ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை. மாட்ஜ் அம்மையார் கலந்தார், வென்றார். தோற்றவருள் லண்டனில் முன்னரே அவர்க்குப் பின் நின்ற டொரோமேயும் ஒருவர். மறு ஆண்டு, 1904-இல், மீண்டும் வென்றார். இம்முறை அவர்க்கு அடுத்து நின்றவர் யாரெனின், அவர் கணவரும் ஆசிரியருமான எட்கரே. மேலே யாம் சுட்டிய குருதட்சிணை இதுதான். எட்கர் இதனால் மனம் வாடினார் என்பதற்கு யாதோர் அறிகுறியும் இல்லை. அதன் பின்னும் ஆண்டுகள் பல இருவரும் கைகோத்தே பனித்தளத்திற் சுழன்றனர், நூலெழுதுவதிலும் கைகோத்தனர். குளிர்கால விளையாட்டுகளைப் பற்றி இருவரும் சேர்ந்து பதிப்பித்த நூலொன்று 1908-இல் வெளிவந்தது.

பிரிட்டிஷ் தீவிலே ஆடவரை இருமுறை வென்ற ஒருவரை உலகப் போட்டியிலே தகுதியற்றவரென்று கூறுதல் நெடுநாள் நிலைத்தல் அரிது. சங்கத்தார் நடுவழியொன்று கண்டனர். மகளிர்க்கெனத் தனியே ஒரு போட்டி ஏற்படுத்தினர். அதற்கு உலக வெற்றி என்னும் பெயரையும் அளிக்க மனம் வரவில்லை. சங்கத்தின் வெற்றி என்று மட்டும் அழைத்தனர். உலகப் பட்டம் என்னும் பெயர் முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது 1924-இல்தான். அப்போது அதனைக் கேட்டு மகிழ அம்மையார் உயிருடன் இல்லை.

தனிப் போட்டி ஏற்பட்டது மகளிர்க்கு நன்மையோ தீமையோ என்று நம் விடுதியில் ஒருநாள் இரவு நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. பலர் வெற்றி பெற வழி பிறந்தமையால் நன்மையே என்றார் ஒருவர். ஒருத்தி எல்லாரோடும் நிற்கும் உரிமையை இழந்தமையால் இது கதவைத் திறந்ததன்று, பக்கத்தே ஒரு சிறு கதவு வைத்ததே என்றார் மற்றொருவர். நாம் முதலிற் கூறியவரின் பக்கம் சாய்ந்தோம். இக்கட்டுரையை எழுதுங்கால் இரண்டாமவர் கூற்றும் அடிக்கடி நெஞ்சில் எழுகின்றது. எவ்வாறாயினும், ஸால்கோவும் மாட்ஜ் அம்மையாரும் மீண்டும் ஒரே போட்டியில் எதிர்நின்றிருந்தால் முடிவு யாதாயிருக்கும் என்பதைக் காண உலகிற்குக் கொடுத்துவைக்கவில்லை.

முதல் மகளிர் போட்டி 1906-ஆம் ஆண்டு ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் மலைநகராகிய டாவோஸில் நடைபெற்றது. அங்கே தளம் திறந்தவெளியினது, வானமே கூரை, காற்றும் பனித்தூவலும் போட்டியாளரோடு தாமும் போட்டியிடும். மாட்ஜ் அம்மையார் முதலிடமும், ஆஸ்திரியாவின் ஜென்னி ஹெர்ஸ் இரண்டாம் இடமும், ஹங்கேரியின் லில்லி குரோன்பெர்கர் மூன்றாம் இடமும் பெற்றனர். 1907-இல் வியன்னாவில் நடந்த போட்டியிலும் இம்மூவரும் அதே வரிசையில் நின்றனர். வியன்னா சர்வதேச முறையின் தாய்வீடு. அங்கே ஆங்கில மாதொருத்தி அவ்வூர் முறையிலேயே அவ்வூர்க்கு அண்மையரை வென்றது சிறிய செய்தியன்று. 1908-இன் தொடக்கத்தில் ட்ராப்பாவில் நடந்த போட்டியில் அம்மையார் இல்லை, குரோன்பெர்கர் வென்றார். அவரே 1911 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு வெற்றி பெற்று விளங்கினார்.

இனி 1908-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற்கு வருவோம். அவ்விழா முதலில் ரோமாபுரிக்கு உரியதாயிருந்தது. இத்தாலியர் கைவிட, லண்டன் ஏற்றது. லண்டனில் செயற்கைப் பனித்தளம் இருந்தமையால், ஒலிம்பிக் விழாவில் ஸ்கேட்டிங்கையும் சேர்க்க முடிந்தது. குளிர்கால ஒலிம்பிக் என்னும் தனி விழா தோன்றியது 1924-இல்; அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்னரே இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஓட்டமும் தாவலும் ஜூலைத் திங்களில் வெயிலில் நடந்து முடிய, ஸ்கேட்டிங் அக்டோபர் 28, 29 ஆகிய நாட்களில் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியிலுள்ள பிரின்ஸஸ் ஸ்கேட்டிங் கிளப் மண்டபத்தில் நடந்தது. அவ்வொலிம்பிக் விழாவிற் கலந்துகொண்ட ஏறத்தாழ 2000 பேருள் பெண்கள் 37 பேரே. அவர்களுக்கென அமைந்த பந்தயங்களும் சில. வில் வித்தை, டென்னிஸ், ஸ்கேட்டிங் ஆகியவற்றில் அடங்கும்.

மகளிர் பந்தயத்தில் ஐவர் நின்றனர். ஜெர்மனியின் எல்ஸா ரெண்ட்ஷ்மிட், ஸ்வீடனின் எல்னா மாண்ட்கோமரி, பிரிட்டனின் டாரதி கிரீன்ஹோ ஸ்மித், குவெண்டொலின் லைஸெட் ஆகியோர் மற்றை நால்வர். இவருள் கிரீன்ஹோ ஸ்மித் அம்மையாரின் கணவர், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை உலகிற்கு அளித்த ஸ்ட்ராண்டு என்னும் திங்களிதழின் ஆசிரியர். துப்பறியும் கதை விரும்பும் நம் நண்பர்கள் பொருட்டு இதனை இடையே குறித்தோம்.

நடுவர் ஐவர். விதித்த உருவங்கள் முடிந்தபோதே மாட்ஜ் அம்மையாரை அணுகுவாரில்லை என்பது தெளிவாயிற்று. தம்விருப்பச் சறுக்கலும் முடிந்தபின் ஐவரும் ஒருமுகமாக அவர்க்கே முதலிடம் அளித்தனர். அவர் பெற்ற மதிப்பெண் 1262.5, அடுத்து நின்ற ரெண்ட்ஷ்மிட் பெற்றது 1055. மூன்றாம் இடம் கிரீன்ஹோ ஸ்மித் அம்மையாருக்கு. ஒலிம்பிக் வரலாற்றில் ஸ்கேட்டிங்கில் வென்ற முதற் பெண்மணி என்னும் பெருமை இவ்வாறு மாட்ஜ் அம்மையாரைச் சேர்ந்தது. ஆடவர் பந்தயத்தில் அதே மண்டபத்தில் ஸால்கோவ் முதலிடம் பெற்றார். லண்டனில் 1902-இல் ஒரே வரிசையில் நின்ற இருவர், ஆறாண்டு கழித்து அதே நகரில் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி வரிசையில் தலைநின்றனர்.

இணைச் சறுக்கலில் மூன்று இணைகளே கலந்தன. ஜெர்மனியின் அன்னா ஹ்யூப்ளரும் ஹைன்ரிக் பர்கரும் முதலிடமும், பிரிட்டனின் ஜான்ஸன் தம்பதியர் இரண்டாம் இடமும், ஸையர்ஸ் தம்பதியர் மூன்றாம் இடமும் பெற்றனர். மூன்று பேருள் மூன்றாவது என்று யாரேனும் இகழ்வாராயின், எட்கருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து என்பதை நினைவூட்டுவோம். அத்துடன், ஒரே விழாவில் இரு பதக்கம் பெற்ற மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு தாமும் ஒரு பதக்கம் பெற்றவர் அவர்.

அதுவே அம்மையாரின் கடைசிப் பெரும்போட்டியாயிற்று. வயது இருபத்தேழு. இக்காலத்தில் அவ்வயதினும் மூத்த சறுக்காளர் பலர் வெற்றி பெறக் காண்கின்றோம். ஆனால் அவர் உடல்நிலை தளரத் தொடங்கிவிட்டது. நீந்தியும் குதிரையேறியும் ஒற்றைக் காலில் உலகை வென்றும் வந்த அவ்வுடலில் இதயமே நலிந்தது. போட்டிகளினின்றும் விலகினார். லண்டனுக்கு அண்மையில் ஸரே நாட்டு வேபிரிட்ஜில் கணவருடன் வாழ்ந்துவந்தார்.

இதனிடையே 1914-இல் பெரும்போர் மூண்டது. பனித்தளத்தில் எதிர்நின்ற நாடுகள் பதுங்குகுழிகளில் எதிர்நின்றன. 1908-இல் இவரோடு ஒரே மண்டபத்திற் சறுக்கிய ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் காணவியலாமற் போயினர். 1915 முதல் உலகப் போட்டிகளும் நின்றன. மீண்டும் தொடங்க 1922 ஆயிற்று. அம்மையார் அதுகாறும் இருக்கவில்லை. 1917-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், இதயத்தின் உட்சவ்வு அழன்றதால் நேர்ந்த நோயினால், தம் இல்லத்திலே உயிர் நீத்தார். இன்னும் ஏழு நாள் இருந்திருப்பின் முப்பத்தாறு வயது நிரம்பியிருக்கும். பிரிட்டனில் முப்பது வயது நிரம்பிய மாதர்க்கு வாக்குரிமை வந்தது அதற்கு அடுத்த ஆண்டிலே.

அவர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற நைட்ஸ்பிரிட்ஜ் மண்டபமும் அந்த 1917-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. எட்கர் மட்டும் நெடுநாள் வாழ்ந்தார். 1924-இல் தம் மனைவியாரின் பழைய வெற்றிகட்கு உலகப் பட்டம் என்னும் பெயர் சூட்டப்பட்டதையும், பின்னர் ஆண்டுதோறும் பற்பல நாட்டுப் பெண்கள் முழங்காலுக்கும் மேல் நின்ற உடையுடன் அப்பட்டத்தை ஏந்தியதையும் அவர் காண நேர்ந்தது. அவர் இறந்தது 1946-ஆம் ஆண்டில்.